பந்துக்குள்ளே ஒரு மணி நேரம்

ஆகாயத்தில் போகிற விண்கலம் பழுதாகி அங்கேயே நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர்கள் கதி என்ன? எனக்கு ரொம்ப நாளாக இந்தக் கவலை. படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அமெரிக்காவின் நாசா, ஸ்பேஸ் ஷட்டில் விண்கலத்துக்காக 1970-களில் ஒரு பந்து செய்து பார்த்தது. கலத்தில் பொதுவாக ஏழு பேர் வரை போவார்கள். வெளியே போவதற்கான உடுப்போ இரண்டு பேருக்குத்தான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பந்து! குறுக்களவு 86 சென்டிமீட்டர். மூன்று அடிகூட இல்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டு உட்கார வேண்டியது, ஜிப்பை மூட வேண்டியது. உள்ளே காற்றுக் கசியாத உறை, நடுவே கெவ்லார் என்ற உறுதியான இழை, வெளியே சூடு தாங்கும் உறை. எட்டிப் பார்க்கச் சின்ன ஜன்னல். ஒரு மணி நேரத்துக்கு ஆக்ஸிஜன். உடுப்பு போட்டவர்கள், உதவிக்கு வந்த கலத்துக்கு இந்தப் பந்துகளைக் கொண்டு சேர்ப்பார்கள்.

1978-ல் தேர்வான குழுவில்தான் முதன்முதலாக ஆறு அமெரிக்கப் பெண்கள் இடம்பெற்றார்கள். அதில் ஷானன் லூசிட் அப்போதே மூன்று குழந்தைகளின் தாய்! தேர்வுக்கு வந்தவர்களை இந்தப் பந்துக்குள் வைத்து மூடிப் பார்த்தார்களாம். எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை. இருட்டில், இடுக்கில் மனசு பதறுகிறதா என்பதுதான் பரீட்சை.

ஏன் தெரியுமா? பதறினால் மூச்சு வேகமாகும். இருக்கிற காற்று சீக்கிரம் தீரும். நிதானமும் ஒரு பாதுகாப்புதானே! 2011-ல் ஷட்டில் ஓய்வு பெறும்வரை அந்தப் பந்துக்கு வேலையே வரவில்லை. ஆனாலும் முன்கூட்டியே பழக்கிப் பார்த்தார்களே, அதைத்தான் நான் மெச்சுகிறேன்.

நம் பிள்ளைகளையும் இப்படிப் பழக்கலாமே. லிஃப்ட் நடுவில் நின்றால் கதவை நெம்பக் கூடாது. மணியை அழுத்திவிட்டு உட்கார்ந்து மெதுவாக மூச்சு விட வேண்டும். அதில் காற்று வர இடைவெளி உண்டு, மூச்சு முட்டாது என்று சொல்லிக் கொடுங்கள். குளியலறைத் தாழ்ப்பாளைப் பகலில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே திறந்து மூடிப் பழகட்டும்.

ஆனால் பழைய ஃப்ரிட்ஜ், டிரங்குப் பெட்டிக்குள் ஒளிந்து விளையாட மட்டும் விடாதீர்கள். நாசாவின் பந்தில் ஆக்ஸிஜன் உண்டு, இவற்றில் கிடையாது. வேண்டாத ஃப்ரிட்ஜ் வீட்டில் கிடந்தால், இன்றைக்கே கதவைக் கழற்றி வைத்துவிடுங்கள்.