கன்னியும் சிப்பிப்பாறையும்: நிறத்தின் பெயரா, குருதியின் பெயரா?

இரண்டு வாரங்களுக்கு முன், பெங்களூரில் என் அறைக்கு எதிர்வீட்டில் வசிக்கும் நண்பர் ஒரு நாய்க்குட்டி விளம்பரத்தைக் கைப்பேசியில் காட்டினார். ‘அரிய சில்வர் புளூ கன்னி. ஜமீன் பிளட்லைன். நூறு விழுக்காடு ஒரிஜினல்.’ விலை 45,000 ரூபாய். நண்பர் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். தாத்தா காலத்திலிருந்து வீட்டில் வேட்டைநாய் வளர்த்த குடும்பம். ஆனாலும் அவர் என்னிடம் கேட்டார்: “நீங்கள் மொழியியல் படித்தவர்தானே, இந்தப் பெயரில் உண்மை இருக்கிறதா?” நாயைப் பற்றிய கேள்வியை மொழியியலிடம் கொண்டுவந்தது வேடிக்கையாகத் தோன்றலாம். எனக்கு அது மிகச் சரியான இடத்தில் கேட்கப்பட்ட கேள்வியாகவே பட்டது.

முதலில் அந்தப் பெயரையே பார்ப்போம். தென்மாவட்ட நாய் வளர்ப்போரின் வழக்கில் கன்னி என்பது கறுப்பு உடலும், கண்ணுக்கு மேலும் முகவாயிலும் மார்பிலும் கால்களிலும் செம்பழுப்பும் கொண்ட நாய். செவலை, சாம்பல் முதலிய பிற நிறத்தவை சிப்பிப்பாறை எனப்படும். ஆகவே ‘சில்வர் புளூ கன்னி’ என்பது, கறுப்பு என்னும் பொருளைத் தனக்குள் வைத்திருக்கும் சொல்லுக்கு முன்னால் கறுப்பல்லாத நிறத்தை ஒட்டவைத்த தொடர். விற்பவருக்கு அது முரணாகத் தெரியவில்லை. ஏனெனில் அவர் வாயில் ‘கன்னி’ நிறப்பெயராக இல்லை. குருதிவழிப் பெயராக மாறிவிட்டது. சிக்கல் முழுவதும் இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

நன்னூல் படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, முதோல் ஆகியவை இடப்பெயர் வழி வந்தவை. இன்ன ஊர்ப்பக்கத்தில் இன்னார் பேணிய கூட்டம் என்பதே அவற்றின் பொருள். செவலை, மயிலை, காரி, பிள்ளை ஆகியவை பண்புப்பெயர்கள். காங்கேயம் மாட்டுக்காரர் எவரும் மயிலையை ஓர் இனம், செவலையை வேறோர் இனம் என்று சொல்லமாட்டார். காங்கேயத்துக் கன்று சிவந்த நிறத்தில் பிறந்து, ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பலாக மாறுவதை ஆண்டுதோறும் கண்டவர் அவர். நிறம் மாறும், வழி மாறாது என்பது தொழுவத்தில் கிடைத்த அறிவு.

கன்னி என்ற பெயருக்கு, கல்யாணச் சீராக மணப்பெண்ணுடன் அனுப்பப்பட்ட நாய் என்று ஒரு விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. கேட்க இனிமையானது. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அதே கரிசல் வட்டாரத்தில் ‘கன்னி ஆடு’ இருக்கிறது: கறுத்த உடல், முகத்தின் இருபுறமும் கோடு. கோடு வெண்மையானால் பால்கன்னி, செம்மையானால் செங்கன்னி. ஒரே நிலப்பகுதியில் ஆட்டுக்கும் நாய்க்கும் ஒரே பெயர், ஒரே வகையான நிற அமைப்பு. கன்னி என்பது ஆதியில் ஒரு நிற அமைப்பின் பெயர் என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டுமா என்ன? மணப்பெண் கதை பின்னால் வந்த அலங்காரம் என்பதே என் கருத்து.

நிறப்பெயர் இனப்பெயராகவே ஆகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கன்னி ஆட்டின் விஷயத்தில் அது நடந்திருக்கிறது. இன்று அது ஏற்கப்பட்ட ஓர் ஆட்டினம். ஆனால் நாயின் கதை வேறு. இங்கே மரபியல் ஒரு கண்கட்டு வித்தை செய்கிறது. கறுப்பும் செம்பழுப்புமான அமைப்பை அகூட்டி மரபணுவின் ஓர் அல்லீல் தருகிறது. அது செவலை அல்லீலுக்கு ஒடுங்கியது. ஆகவே கன்னியோடு கன்னியைச் சேர்த்தால் கன்னியே பிறக்கும். ‘பாருங்கள், வழி சுத்தமாக இருக்கிறது’ என்று வளர்ப்போர் சொல்வது இதை வைத்துத்தான். அது சுத்தத்தின் அடையாளமன்று. ஒடுங்குப் பண்பின் இயல்பு. இரண்டு செவலைச் சிப்பிப்பாறைகள் அந்த அல்லீலை மறைவாகச் சுமந்தால் அவற்றின் ஈற்றிலும் கன்னி பிறக்கும். நண்பரின் தாத்தாவிடம் தொலைபேசியில் கேட்டபோது அவர் மரபணு எதுவும் பேசவில்லை. “ஒரே ஈத்துல நாலு செவலை, ரெண்டு கன்னி விழும் தம்பி. அதுக்காக ரெண்டு ஜாதின்னா சொல்லுவோம்?” என்றார்.

அந்த ‘சில்வர் புளூ’வும் இப்படித்தான். கறுப்பைச் சாம்பல் நீலமாக வெளிறச் செய்வது இன்னோர் ஒடுங்கு அல்லீல். கிரேஹவுண்டிலும் விப்பெட்டிலும் அது உண்டு. ஆக, அந்த நிறம் ஜமீன் வழியில் வந்ததா, அயல்நாட்டு ஓட்டநாயின் கலப்பில் வந்ததா என்பதை நிறமே சொல்லிவிடாது. அத்துடன், வெளிறிய நிறமுடைய சில நாய்களுக்கு முடி உதிர்ந்து தோல் நலிவதும் உண்டு. அதை விளம்பரம் சொல்வதில்லை.

இந்தக் குழப்பம் நம்முடையது மட்டுமன்று. 2023 செப்டம்பரில் இதே பெங்களூர் விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் சுங்கத்துறை 78 உயிரினங்களைக் கண்டெடுத்தது. 17 ராஜநாகங்கள், இறந்துபோன 6 கபுசின் குரங்குகள், மீதி 55 பால் பைதான்கள், அவையும் பல நிற வகைகள். அந்தச் சந்தையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பகட்டான பெயர் உண்டு. ஆனால் கடத்திவரப்பட்ட பாம்புக்குக் குருதிவழி என்பது விற்பவரின் வாய்ச்சொல் மட்டுமே. தாய் தந்தை பற்றிய தாள், எல்லையைத் தாண்டும்போதே தொலைந்துவிடுகிறது.

ஆனால் பாம்பு வளர்ப்போரிடம் நாம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் வளர்க்கப்படும் போவாக்களில் கால், ஷார்ப் என்று இரண்டு ஆல்பினோ வழிகள் உண்டு. பீட்டர் கால், பிரையன் ஷார்ப் என்ற வளர்ப்பாளர்களின் பெயர்கள் அவை. இரண்டு வழிப் பாம்புகளும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஒன்றோடொன்று இணைத்தால் ஒரு குட்டிகூட ஆல்பினோவாகப் பிறப்பதில்லை. எல்லாம் சாதாரண நிறம். இரண்டும் வெவ்வேறு மரபணு மாற்றங்கள். அங்கே ‘கால்’ என்ற பெயர் கண்ணால் காணமுடியாத ஒன்றைச் சொல்கிறது. அதனால் அது மெய்யான வழிப்பெயர். ‘சன்குளோ’ என்பதும் கேட்க வணிகப்பெயர் போல இருந்தாலும், ஹைப்போ, ஆல்பினோ என்னும் இரண்டு பண்புகளின் சேர்க்கையைக் குறிக்கிறது. பிரித்துப் பார்த்தால் பொருள் இருக்கிறது. இவற்றுக்கு நடுவே, நல்ல நிறத்தில் பிறந்த ஒரு குட்டிக்குப் படம் எடுத்த அன்றே சூட்டப்படும் பெயர்கள் ஏராளம். அவை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்ட நிறத்தையே கூடுதல் விலையில் நமக்குத் திரும்பச் சொல்கின்றன.

சால் கிரிப்கே 1970இல் பிரின்ஸ்டனில் ஆற்றிய உரைகளில் இதற்கு நெருங்கிய ஒன்றை வாதிட்டார். ஒரு பெயர் தன் பொருளைச் சென்றடைவது வருணனையால் அன்று. பெயர் சூட்டப்பட்ட தருணத்திலிருந்து வாய்வழியாகக் கைமாறிவரும் சங்கிலியால். அவர் நாய்களை மனத்தில் வைத்துச் சொல்லவில்லைதான். ஆனால் குருதிவழிப் பெயருக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியாது. சங்கிலி அறுந்தால் பெயர் வெறும் வருணனையாகிவிடும்.

கர்நாடகத்திலேயே இதன் மறுபக்கம் இருக்கிறது. பாகல்கோட்டை மாவட்டத்து முதோல் நாயைக் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா ‘கேரவன் ஹவுண்டு’ என்றும், இந்தியன் நேஷனல் கென்னல் கிளப் ‘முதோல் ஹவுண்டு’ என்றும் பதிகின்றன. ஒரே கூட்டத்துக்கு இரண்டு பெயர். எரிச்சலூட்டும் விஷயம்தான். ஆயினும் இரண்டுமே ஒரு கூட்டத்தின் பெயர்கள். நிறத்தின் பெயர்கள் அல்ல. சிப்பிப்பாறையில் நாம் செய்வது அதைவிடக் கெடுதலானது: ஒரு கூட்டத்தை நிறத்தால் வெட்டி இரண்டாக்குகிறோம். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபியல் வள அமைப்பு ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகிய மூன்றையும் இனங்களாகப் பதிவுசெய்தபோது அந்த வரிசையில் கன்னி இல்லை. 2020 ஆகஸ்ட் மாத ‘மனதின் குரல்’ உரையில் பிரதமர் கன்னி, சிப்பிப்பாறை இரண்டையும் தனித்தனியே குறிப்பிட்டார். சந்தை இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது.

வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ராஜபாளையமே சாட்சி. பால்வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் ‘அசல்’ என்று வைத்துக்கொண்டு, நிறமுள்ள குட்டிகளை ஒதுக்கினோம். உட்செவி சரிவர இயங்க நிறமிச் செல்கள் தேவை. அவை அற்றுப்போகும் அளவுக்கு வெள்ளையைத் தேர்ந்தெடுத்தால் செவிட்டுக் குட்டிகளும் சேர்ந்தே பிறக்கும். காவல்நாய்க்குக் காது கேட்காமல் போகிறது. நாம் மூக்கின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எண்ணிக்கையில் சிறிய ஒரு கூட்டத்தை கன்னி, சிப்பிப்பாறை, இப்போது சில்வர் புளூ என்று மேலும் துண்டாடி, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் அண்ணன் தங்கையை இணைத்துக்கொண்டே போனால் ‘அரிய’ என்ற சொல் மட்டும் மெய்யாகும்.

நண்பரிடம் மூன்று கேள்விகளை எழுதிக்கொடுத்தேன். தாயும் தந்தையும் யாரிடம், எந்த ஊரில் இருக்கின்றன? இந்த ஈற்றில் பிறந்த மற்றக் குட்டிகள் என்ன நிறம்? தாத்தா, பாட்டி நாய்களைப் பார்த்தவர் எவரேனும் உண்டா? அன்றிரவே அவர் விற்பவருக்கு அனுப்பினார். மறுநாள் காலை பதில் வந்தது: அதே குட்டியின் இன்னொரு படம், இம்முறை வெயிலில் எடுத்தது. கீழே, ‘அண்ணா, கலர் பாருங்க’ என்று ஒரு வரி.