சுமைகூலி முக்கால் பணம்

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்." நம்ம பாட்டிமார் இதைச் சொன்ன காலத்தில் ஆன்லைன் ஏலம் கிடையாது, பார்சலில் ஒட்டுகிற பார்கோடு லேபிளும் கிடையாது. ஆனா பிள்ளைகளுடைய பழைய சாமானை ஏலத்தில் போட்டு விற்கிற எந்த அப்பா அம்மாவைக் கேட்டாலும், இது போன வாரம் நடந்த கதை மாதிரி இருக்குன்னுதான் சொல்வாங்க.

நம்ம வீடுகளில் விற்க வேண்டியது ஏராளம். மூணு மாசம் வாசித்துவிட்டு மூலையில் சாத்திய கீபோர்டு, பாதி துண்டு காணாமல் போன லெகோ பெட்டி, மர ரயில் செட், ஒரே ஒரு அரங்கேற்றத்துக்கு வாங்கிய ஸ்பீக்கர். தூக்கிப் போட மனசு வராது. கராஜில் வைக்க இடமும் கிடையாது. சரி, ஏலத்தில் போடுவோம் என்று ஆரம்பிக்கிறோம். பொருளின் விலையில் பெரும்பாலும் சண்டை வருவதில்லை, அதை ஏலமே முடிவு செய்துவிடுகிறது. சண்டை வருவது ஷிப்பிங்கில்தான். இந்த மாதம் அதைப் பற்றிப் பேசலாம். நான் நியூ ஜெர்சியில் இருப்பதால் கணக்கெல்லாம் அமெரிக்கக் கணக்கு. டொராண்டோவிலோ லண்டனிலோ இருப்பவர்களுக்கு எண்கள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

என் நண்பர் ஒருவரின் கதையிலிருந்து தொடங்குகிறேன். மகளுக்குப் பதினொரு வயசு. கீபோர்டை விட்டுவிட்டு வயலினுக்கு மாறியாச்சு. பழைய கீபோர்டை விற்று, வருகிற பணத்தை வயலின் வாடகைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தார். ஏலத்தில் 41 டாலருக்குப் போனது. ஷிப்பிங்குக்கு மனக்கணக்காக 15 டாலர் என்று போட்டிருந்தார். வாங்கியவர் கலிபோர்னியாவில். பெட்டியைக் கட்டிக்கொண்டு கூரியர் கடைக்குப் போனால் 48 டாலர் கேட்டார்கள். அங்கிருந்தே எனக்குப் போன்.

"டேய், பொருளை விட பார்சல் கூலி அதிகமா இருக்குடா. வாங்கினவர்கிட்ட இன்னும் ஒரு முப்பது டாலர் கேக்கட்டுமா?"

"கேக்காத. ஏலம் முடிஞ்ச நிமிஷமே விலையும் ஷிப்பிங்கும் சேர்ந்து ஒப்பந்தமாயிடுச்சு. இப்ப கூடக் கேட்டா, தப்பு உன் பேர்லதான் வரும்."

"அப்ப கேன்சல் பண்ணிடவா?"

"பண்ணலாம். அவர் மோசமான ஃபீட்பேக் போடுவார், தளமும் உன் கணக்கில் ஒரு புள்ளி குத்தும். அவர் மேல என்ன தப்பு? நீ சொன்ன தொகையை நம்பித்தானே ஏலம் கேட்டார்."

முணுமுணுத்துக்கொண்டே அனுப்பிவிட்டார். கணக்கைப் பாருங்கள். 41-ம் 15-ம் சேர்ந்து 56 டாலர். தளத்தின் கமிஷன் சுமார் 13 சதவீதம், அதாவது 7 டாலர் 28 சென்ட். கூரியருக்கு 48. கையில் மிஞ்சியது 72 சென்ட். பெட்டிக்கும் டேப்புக்கும்கூட அது போதவில்லை.

14 பவுண்ட் எடையுள்ள ஒரு பார்சலுக்கு 48 டாலரா? இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். கூரியர்காரருக்கு எடை மட்டும் கணக்கு இல்லை, லாரியிலும் விமானத்திலும் பெட்டி அடைக்கிற இடமும் கணக்கு. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் அளந்து பெருக்குவார்கள். வருகிற எண்ணை 139 அல்லது 166 போன்ற ஓர் எண்ணால் வகுப்பார்கள். எந்த எண் என்பது நிறுவனத்தையும் கட்டணத் திட்டத்தையும் பொறுத்தது. கிடைப்பதுதான் 'டைமென்ஷனல் வெயிட்', நம்ம மொழியில் கொள்ளளவு எடை. தராசு காட்டும் எடை, கொள்ளளவு எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம்.

நண்பரின் பெட்டி 42-க்கு 17-க்கு 7 அங்குலம். பெருக்கினால் 4,998. அதை 139-ஆல் வகுத்தால் 36 பவுண்ட். 14 பவுண்ட் பார்சலுக்கு 36 பவுண்டுக்கான கூலி! அதே கீபோர்டை 40-க்கு 14-க்கு 6 பெட்டியில் அடக்கியிருந்தால் 25 பவுண்டில் முடிந்திருக்கும். தபால் துறையான யூஎஸ்பிஎஸ்ஸிடம் போனாலும் நீளமான பெட்டிக்குத் தப்பிக்க முடியாது. 22 அங்குலம் தாண்டினால் ஒரு கூடுதல் கட்டணம், 30 தாண்டினால் இன்னும் அதிகம். இதோடு தூரமும் சேரும். நாட்டை ஜோன் ஜோனாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நியூ ஜெர்சியிலிருந்து பென்சில்வேனியாவுக்குப் போகிற அதே பெட்டி, கலிபோர்னியாவுக்குப் போகும்போது விலை எகிறிவிடும்.

ஷிப்பிங் தகராறின் வேர் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பெட்டி எவ்வளவு பெரிசு, எவ்வளவு கனம் என்பது விற்கிறவருக்கு மட்டும்தான் தெரியும். வாங்குகிறவருக்குத் தெரிய வழியே இல்லை. தெரிந்தவர்தான் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். ஏலம் தொடங்கும் முன் சொன்னால் அது விலை. முடிந்த பிறகு சொன்னால் அது வம்பு. தொகை ஒன்றாகவே இருந்தாலும் சரி.

இனி வாங்குகிறவர் பக்கம். "பதினாறு டாலர் ஷிப்பிங் வாங்கினீங்க, லேபிளுக்கு 12 டாலர் 35 சென்ட்தான் ஆகியிருக்கு. மீதியை நீங்க எடுத்துக்கிட்டீங்களா?" மர ரயில் செட் விற்றபோது எனக்கு வந்த மெசேஜ் இது. அவர் கேட்டதில் தப்பில்லை. கோபப்படாமல் கணக்கை அப்படியே எழுதி அனுப்பினேன். லேபிள் 12.35. ஷிப்பிங் தொகையான 16 டாலர் மேலும் தளம் எடுக்கிற 13 சதவீத கமிஷன் 2.08. அட்டைப்பெட்டி, டேப், பபிள் ராப் 1.75. மொத்தம் 16.18. "ஓ, ஷிப்பிங்குக்கும் கமிஷன் உண்டா? தெரியாது, நன்றி" என்று பதில் வந்தது. அதோடு சரி.

ஷிப்பிங் காசுக்கு ஏன் கமிஷன், அது நம்ம கைக்கே வருவதில்லையே என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1995-இல் ஈபே ஆரம்பித்து அதற்குப் பின் பல வருஷம், கமிஷன் பொருளின் விலைக்கு மட்டும்தான். கில்லாடி வியாபாரிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பொருள் ஒரு சென்ட், ஷிப்பிங் முப்பது டாலர்! கமிஷனும் கிடையாது, பொருளைத் திருப்பிக் கொடுத்தால் ஷிப்பிங் பணம் திரும்பவும் போகாது. ஏமாந்த வாங்குபவர்கள் கொதித்தார்கள். 2007-இல் ஷிப்பிங் கட்டணத்துக்கென்று தனியாக நட்சத்திர மதிப்பெண் போடும் வசதி வந்தது. 2011-இல் அமெரிக்க ஈபே ஷிப்பிங்கையும் சேர்த்துக் கமிஷன் எடுக்க ஆரம்பித்தது. யாரோ செய்த தந்திரத்துக்கு மர ரயில் விற்கிற நாம் இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆனாலும் வாங்குகிறவர் மனசில் அந்தப் பழைய சந்தேகம் இருக்கத்தான் செய்யும். அதனால் உண்மையான செலவுக்கு மேல் ஷிப்பிங்கில் லாபம் வைக்காதீர்கள். லாபம் வேண்டுமானால் பொருளின் ஆரம்ப விலையில் வையுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

அடிக்கடி வருகிற இன்னும் சில வழக்குகள்:

ஒன்றுக்கு மேல் வாங்கினால். ஒரே ஆள் உங்களிடம் மூன்று ஏலத்தில் ஜெயிக்கிறார். மூன்று ஷிப்பிங் கட்டணமும் விழுகிறது. "ஒரே பெட்டியில்தானே போடப்போறீங்க?" என்பார். நியாயம் அவர் பக்கம்தான். ஒன்றாகச் சேர்த்து அனுப்பினால் குறைப்பீர்களா இல்லையா என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள். நான் எழுதுவது: "பணம் கட்டும் முன் சொல்லுங்கள், சேர்த்துப் புது இன்வாய்ஸ் அனுப்புகிறேன்."

புத்தகத் தபால். யூஎஸ்பிஎஸ்ஸில் மீடியா மெயில் என்று ஒன்று உண்டு. புத்தகங்களுக்கு மிக மலிவு, தூரக் கணக்கும் இல்லை. சிலர் புத்தகத்தோடு பொம்மையையும் போட்டு அதில் அனுப்பிவிடுவார்கள். தபால் துறைக்கு அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கும் உரிமை உண்டு. பிடிபட்டால் மிச்சக் காசை வாங்குகிறவர் வாசலில் கேட்பார்கள். அப்புறம் அவர் உங்களை விடுவாரா?

ரிட்டர்ன். "வேண்டாம், மனசு மாறிடுச்சு" என்றால், நீங்கள் ரிட்டர்ன் ஏற்பதாகச் சொல்லியிருந்தால் மட்டும், பொதுவாகத் திருப்பி அனுப்பும் செலவு அவருடையது. "படத்தில் இருந்தது மாதிரி இல்லை, உடைஞ்சிருக்கு" என்றால், ஈபே போன்ற தளங்களில் திருப்பி அனுப்பும் செலவும் முதலில் வாங்கிய ஷிப்பிங்கும் உங்கள் தலையில். அதனால் கீறலைப் படம் எடுத்துப் போடுவதும் ஷிப்பிங் செலவைக் காக்கிற வேலைதான். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இன்னொரு விஷயம். வியாபாரமாக விற்கிறவரிடம் வாங்கியதை 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் வேண்டாம் என்று சொல்லலாம், சாதாரண டெலிவரி கட்டணத்தையும் சேர்த்துத் திருப்பித் தர வேண்டும். வீட்டுச் சாமானை எப்போதாவது விற்கிற உங்களுக்கு இது பொருந்தாது. ஆனா விற்பதற்கென்றே மொத்தமாக வாங்கி அடுக்க ஆரம்பித்தால், சட்டத்தின் கண்ணில் நீங்களும் வியாபாரிதான்.

எல்லை தாண்டினால். அமெரிக்காவிலிருந்து கனடாவுக்கு அனுப்பினால் வாசலில் வரியும், சில கூரியர்களில் சுங்கத் தரகுக் கட்டணமும் கேட்பார்கள். அது ஷிப்பிங் இல்லை. ஆனா பணம் கொடுக்கிறவருக்கு எல்லாம் ஒன்றுதான். "உங்கள் நாட்டு வரி இதில் சேராது" என்று ஒரு வரி எழுதிவைத்தால் பாதிச் சண்டை குறையும்.

'ஃப்ரீ ஷிப்பிங்' போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்கலாம். நிலையான விலைக்கு விற்கும்போது சரி, கூலியை விலையில் ஏற்றிவிடலாம். ஏலத்தில் அது ஆபத்து. ஒரே ஒருவர் வந்து 9 டாலரோடு ஏலம் நின்றுவிட்டால், 20 டாலர் கூலி உங்கள் பையிலிருந்து போகும்.

என் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன், பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுத்ததும், ஏலத்தில் போடும் முன்பே, பொருளைப் பெட்டியில் வைத்துக் கட்டிவிடுவேன், மூடி மட்டும் திறந்திருக்கும். பெட்டியோடு எடை, மூன்று பக்க அளவு, இரண்டையும் குறித்துக்கொள்வேன். குத்துமதிப்பாக ஒரு தொகை போடாமல், அந்த அளவுகளைத் தளத்தில் கொடுத்து 'கால்குலேட்டட் ஷிப்பிங்' தேர்ந்தெடுப்பேன். வாங்குகிறவரின் ஜிப் கோடுக்கு ஏற்ப அவரவர் கூலி அவரவருக்கே தெரியும். சின்னதாகவும் கனமாகவும் இருப்பதற்கு, உதாரணமாக இரும்புப் பொம்மைக் கார்களுக்கு, யூஎஸ்பிஎஸ்ஸின் ஃப்ளாட் ரேட் பெட்டி நல்லது. நாட்டுக்குள் 70 பவுண்ட் வரை எடை எவ்வளவு இருந்தாலும் அந்தப் பெட்டிக்கு ஒரே விலை, பெட்டியும் இலவசம். லேசாகவும் பெரிதாகவும் இருப்பதை நான் ஏலத்தில் போடுவதே இல்லை. பக்கத்து ஊரிலேயே யாராவது வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

வாங்கும்போதும் இதே கணக்குதான். ஏலம் கேட்கும் முன் விலையையும் ஷிப்பிங்கையும் கூட்டிப் பாருங்கள். கூலி அதிகம் என்று தோன்றினால் அப்போதே விற்பவரைக் கேளுங்கள். ஜெயித்த பிறகு கேட்பது பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு விலை பேசுகிற மாதிரி.

நண்பரின் மகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 72 சென்ட் கணக்கைப் பார்த்துவிட்டு, "நமக்கு நஷ்டம்னு தெரிஞ்சும் ஏம்ப்பா அனுப்பினீங்க?" என்று கேட்டிருக்கிறாள். "பதினஞ்சுன்னு எழுதினது நாமதானேம்மா. அவருக்கு எப்படித் தெரியும்?" என்றாராம். வயலின் வாடகையை அவரே தனியாகக் கட்டினார், அது வேறு விஷயம். அடுத்ததாக அவளுடைய டால் ஹவுஸை விற்கப் போகிறார்கள். இந்த முறை இன்ச் டேப் அவள் கையில். மூன்று பக்கமும் அளந்து, பெருக்கி, வகுத்து, "அப்பா, இது ஷிப்பிங்குக்கு ஆகாது, லோக்கல் பிக்கப் போடுங்க" என்று சொல்லிவிட்டாளாம்.

கேட்டுவிட்டு, நம்ம வீட்டு தராசையும் இன்ச் டேப்பையும் பிள்ளைகள் கைக்கு எட்டுகிற இடத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் கராஜில் அடுத்து எது போகப் போகிறது என்று எழுதுங்கள். அடுத்த மாதம் பார்ப்போம்.