கடைக்காரர் கண்ணும் நம் கண்ணும்



நம் சங்க இதழில் மொழியைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் எழுதுவோர் பலர் இருக்கின்றனர். நானோ தொலைக்காட்சிப் பெட்டியைத் திருத்துவது பற்றி எழுத வந்திருக்கின்றேன். அறிவியல் முதுகலை பயில்பவனுக்கு வேறு பொருள் கிடைக்கவில்லையா என்று நகைப்பீர்கள். நகைக்கலாம்; அதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை கூறுங்கள். உங்கள் வீட்டுப் பெட்டியில் தோன்றும் தமிழன் என்ன நிறம்?

கறுப்பு என்பீர்கள், மாநிறம் என்பீர்கள். இன்று மாலை உற்றுப் பாருங்கள். 10,000 ரூபாய்க்கோ 12,000 ரூபாய்க்கோ வாங்கிய 32 அங்குலப் பெட்டி, வாங்கி வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இன்றும் இருக்குமானால், அதில் தெரியும் முகம் பெரும்பாலும் கறுப்பும் அன்று, மாநிறமும் அன்று, சாம்பல். நெற்றியிலும் மூக்கிலும் சுண்ணாம்பு தடவியது போன்ற பளபளப்பு. கன்னத்தில் நீலம் பாய்ந்த ஒரு வெளிறல். நம் அப்பாவுக்கோ அத்தைக்கோ பக்கத்து வீட்டு அண்ணனுக்கோ இல்லாத நிறம் அது.

இது எவ்வாறு நேர்கின்றது? பழுப்பு என்று தனியாக ஓர் ஒளி கிடையாது. வானவில்லில் அதைத் தேடினால் அகப்படாது. மங்கிய செம்மஞ்சளைத்தான் நம் கண் பழுப்பு என்று கொள்கின்றது. செம்மஞ்சளுக்கு எதிர்நிறம் நீலம். பழுப்பின்மேல் நீல ஒளியைக் கூட்டினால் ஒன்றை ஒன்று அடக்கிவிட, எஞ்சி நிற்பது சாம்பல். மலிவுப் பெட்டிகளோ பெரும்பாலும் ஆலையிலிருந்து வரும்போதே நீலம் மிகுந்துதான் வருகின்றன. ஒளிபரப்புத் துறை உலகெங்கும் ஏற்றுக்கொண்டிருக்கும் வெண்மை 6500 கெல்வின் அளவினது. கெல்வின் எண் கூடக் கூட வெண்மையில் நீலம் ஏறும். பெட்டிகளில் 'கூல்' என்று பொறித்திருக்கும் அமைப்பு 9000, 10,000 என்று போய்விடுவதும் உண்டு. படம் எடுத்தவர் ஓர் ஒளியில் பார்த்துத் திருத்திய முகத்தை நாம் வேறோர் ஒளியில் பார்க்கின்றோம். வெளுத்த தோலுடையவன் இதனால் இழப்பது குறைவு, இழப்பெல்லாம் நமக்கே.

ஆலைக்காரர் செய்வதில் சூழ்ச்சி ஒன்றும் இல்லை, வாணிகம் இருக்கின்றது. கடையில் வரிசையாகப் பல பெட்டிகள். மேலே விளக்குகளின் வெள்ளம். வாங்க வருபவர் ஒவ்வொன்றின் முன்னும் நிற்பது சில நொடிகளே. அந்தச் சில நொடிகளில் கண்ணைப் பறிக்க வேண்டும். நீலம் கலந்த வெண்மை கூடுதல் வெளிச்சமாகத் தோன்றும். ஆகவே 'விவிட்' என்றும் 'டைனமிக்' என்றும் பெயரிட்டு வண்ணத்தையும் ஒளியையும் கூர்மையையும் உச்சிக்கு ஏற்றிவிடுகின்றனர். தக்காளிக் கூடைக்கு மேலே சிவப்புத் துணி கட்டி நிழல் செய்கிறார்களே, அதே கதைதான். ஆனால் தக்காளியோடு அந்தத் துணி நம் வீட்டுக்கு வருவதில்லை. தொலைக்காட்சியில் வந்துவிடுகின்றது!

கருவிகள் நம் நிறத்தை மறப்பது புதிதன்று. அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து வண்ணப்படம் கழுவும் கூடங்களுக்கு ஓர் அளவுப்படத்தை அனுப்பி வந்தது. 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அதில் இருந்தவள் வெள்ளைப் பெண். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுப்பர் முகம் இருட்டாகிக் கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தால் அதைப் பற்றிக் கவலைப்பட்டவர் இல்லை. மரச்சாமான் செய்வோரும் சாக்லேட் செய்வோரும் தங்கள் சரக்கின் பழுப்பு சரியாக விழவில்லை என்று முறையிட்டதால்தான் படச்சுருளைத் திருத்தத் தொடங்கினார்கள் என்று அந்நிறுவனத்தில் பணியாற்றியவர்களே பின்னாளில் கூறினர். பல நிறத்தவரும் இடம்பெற்ற அட்டை 1990களில்தான் வந்தது. மனிதர் கேட்டுக் கிடைக்காதது மரப்பெட்டி கேட்டுக் கிடைத்தது! படச்சுருளின் வேதியியலை அன்று எந்தக் குடும்பத்தாலும் மாற்ற முடியாது. நம் நிலை அவ்வளவு மோசமில்லை. திறவுகோல் ரிமோட் வடிவில் நம் கையிலேயே கிடக்கின்றது.

கிடந்து என்ன பயன்? தமிழகத்தில் 2006 முதல் 2011 வரை அரசு இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சென்றது. என் வயதினர் பலர் வண்ணம் பார்த்துப் பழகியது அதில்தான். அந்த ரிமோட்டை நினைத்துப் பாருங்கள். ஒலி கூட்டும் பொத்தானும் அலைவரிசை மாற்றும் பொத்தானும் எழுத்து அழியத் தேய்ந்திருக்கும். 'மெனு' பொத்தான் மட்டும் நேற்று வாங்கியதுபோல் இருக்கும். தொட்டால் கெட்டுவிடும் என்ற அச்சம். அந்த அச்சத்தையும் மூட்டையில் வைத்துக் கட்டிக்கொண்டுதான் நம்மில் பலர் கடல் கடந்து இங்கு வந்திருக்கின்றோம்.

இத்தீவில் இது வெறும் அழகுப் பேச்சு அன்று. கடிகாரம் நமக்கும் சென்னைக்கும் ஒன்று, கதிரவன் ஒன்றல்ல. போர்ட் பிளேரில் (2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது, நாக்குத்தான் இன்னும் மாறவில்லை) டிசம்பர் மாதத்தில் மாலை 5 மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகின்றது. இருட்டறையில் திரையைப் பார்க்கும் நேரம் நமக்கு அதிகம். கடை விளக்குகளை வெல்வதற்காக ஏற்றிய ஒளி இருட்டறையில் கண்ணைக் கரிக்கச் செய்கின்றது. மேலும், திரையின் பின்னே பட்டை பட்டையாக ஒட்டியிருக்கும் எல்.இ.டி. விளக்குகளை எந்நேரமும் முழு ஒளியில் எரித்தால் சூடேறி விரைவில் பழுதாகும். மலிவுப் பெட்டிகள் பல இவ்விதந்தான் மடிகின்றன. ஒலி கேட்கும், படம் தெரியாது. பழுது பார்க்க வேண்டுமானால் அந்தப் பட்டை சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ வந்து சேர வேண்டும். நம் மின்சாரமோ பெரும்பகுதி டீசல் எரித்து எடுப்பது. பெட்டி உண்ணும் மின்சாரத்தில் பெரும்பங்கு அந்த விளக்குகளுக்கே போகின்றது.

சரி, என்ன செய்வது? 'விவிட்' முறையை விட்டு 'ஸ்டாண்டர்டு' முறைக்கு, இருந்தால் 'சினிமா' அல்லது 'மூவி' முறைக்கு மாறுங்கள். கடையில் காட்சிக்கு வைத்த பெட்டியாக இருந்தால் அது 'ஸ்டோர்' முறையிலேயே இருக்கக்கூடும். அதை 'ஹோம்' ஆக்காவிடில் நீங்கள் செய்த திருத்தமெல்லாம் சிறிது நேரத்தில் பழையபடி ஆகிவிடும். அடுத்து நிற வெப்பத்தைக் 'கூல்' என்பதிலிருந்து 'வார்ம்' என்பதற்கு மாற்றுங்கள். உடனே வீட்டில் ஒரு குரல் எழும்: "என்னடா இது, படமெல்லாம் மஞ்சளாகிவிட்டதே!" அஞ்ச வேண்டாம். நீலத்துக்குப் பழகிய கண் அது. இரண்டு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் பழைய அமைப்பைக் காட்டினால் அதே குரல், "இது ஏன் நீலமாயிருக்கிறது?" என்று கேட்கும்.

பிறகு பின்னொளி. 'பேக்லைட்' என்று இருக்கும். இரவில் பாதியளவு போதும். இனித்தான் ஒரு பெரிய குழப்பம். 'பிரைட்னஸ்' என்ற பொத்தான் பெரும்பாலான பெட்டிகளில் வெளிச்சத்தைக் கூட்டுவதற்கு உரியதன்று; கறுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்று வரையறுப்பது. பழைய படக்குழாய்க் காலத்துப் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. வெளிச்சம் போதவில்லை என்று இதைக் கூட்டுபவருக்கு இரவுக் காட்சியெல்லாம் சாம்பல் மூட்டமாகும். ஓர் இரவுக் காட்சியை நிறுத்தி வைத்துக்கொண்டு, இருட்டு இருட்டாகவும், அந்த இருட்டில் நிற்பவளின் கூந்தல் தனியாகவும் தெரியும் இடத்தில் விட்டுவிடுங்கள். 'கான்ட்ராஸ்ட்' வெண்மைக்கு உரியது. வெள்ளை வேட்டியின் மடிப்பும் மல்லிகைச் சரத்தின் இதழும் கண்ணுக்குத் தெரிகின்றனவா? தெரியாமல் வெள்ளைத் திட்டாக இருந்தால் குறையுங்கள். செய்தியின் அடியில் ஓடும் எழுத்தைச் சுற்றி வெண்கோடு தெரிந்தால் 'ஷார்ப்னஸ்' மிகுதி என்று பொருள். அது கூர்மையன்று, வரைந்து ஒட்டிய கரை. வண்ணத்தைக் கடைசியில் தொடுங்கள். மாமரத்தையோ கடலையோ பார்த்து அன்று, முகத்தைப் பார்த்து.

இத்தனையும் செய்தால் மலிவுப் பெட்டி விலையுயர்ந்த பெட்டி ஆகிவிடுமா? ஆகாது. அட்டையின்மேல் 'எச்.டி.ஆர்.' என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அந்தக் குறிப்பலையைப் பெற்றுக்கொள்ளும் என்பதே அதன் பொருள், அந்த ஒளியைக் காட்டும் வலிமை விளக்குக்கு இல்லை. பக்கவாட்டிலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் மலிவுத் திரையில் நிறம் திரியும். நம் வீடுகளில் பெட்டி பரணுக்கு அருகே மாட்டப்பட்டிருக்கும்; பாட்டி தரையில் பாய் விரித்து அமர்ந்திருப்பார். நாற்காலியில் இருப்பவருக்கு ஒரு படம், பாட்டிக்கு வேறொரு படம்! எந்த மெனுவாலும் இதைத் திருத்த முடியாது. பெட்டியைக் கீழே இறக்க வேண்டும். இயலாவிட்டால் முன்பக்கம் சாய்த்தாவது மாட்ட வேண்டும்.

விடுதி நண்பர் ஒருவர், "ரசனை அவரவர்க்கு. எனக்குப் பளிச்சென்று இருந்தால்தான் பிடிக்கிறது" என்று வாதாடினார். உப்புக் கூட வேண்டுபவர் போட்டுக்கொள்ளட்டும். சமைத்தவர் போட்ட உப்பை ஒருமுறையேனும் சுவைத்துவிட்டுப் போடட்டும். கடலியல் படிக்கும் நண்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2010ஆம் ஆண்டில் கடல் வெப்பம் மிகுந்து அந்தமான் பவளப்பாறைகள் வெளுத்தபோது, நோயை முதலில் சொன்னது நிறந்தான். வெளுப்பை மதிப்பிடுவதற்கென்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் ஒரு நிற அட்டையே வகுத்திருக்கின்றனர். உயிருள்ள பவளத்தையும் வெளுத்த பவளத்தையும் ஒரே பளபளப்பில் காட்டும் திரையை ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் பொறுப்போமா? வீட்டில் ஆண்டுக்கணக்கில் பொறுக்கின்றோம்.

சொற்களைப் பற்றியும் ஒன்று. இன்று சில பெட்டிகளில் தமிழிலேயே மெனு வருகின்றது, மகிழ்ச்சி. ஆனால் ஆங்கிலத்தின் தவறான பெயரை அப்படியே பெயர்த்து 'ஒளிர்வு' என்று வைத்தால் பிழையும் சேர்ந்து தமிழாகிவிடும். 'விளக்கொளி', 'கருமை அளவு', 'வெண்மை அளவு' என்று செய்யும் வேலையைச் சொல்லும் பெயர்களை வைத்தால் படிக்காத தாயும் புரிந்துகொள்வாள்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மீன்பிடித் தொழிலுக்கும் கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் வந்து, சேர்த்த பணத்தில் பெட்டி வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் நம் வளாகத்தைச் சுற்றி இருக்கின்றன. அழைக்கும் வீடுகளுக்கு ஞாயிறுதோறும் இருவர் இருவராகச் சென்று திருத்திக் கொடுப்போம். அரைமணி நேர வேலை, செலவு இல்லை. செட்டாப் பெட்டிக்கு ஒரு முறை, பென்டிரைவுக்கு ஒரு முறை என்று ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியே செய்ய வேண்டியிருக்கும். பல பெட்டிகள் அமைப்பை அப்படித்தான் நினைவில் வைக்கின்றன. வீட்டுக்காரரையே ரிமோட்டைப் பிடிக்கச் சொல்லுங்கள். நாம் பக்கத்தில் நிற்போம். முடிந்ததும் எண்களை ஒரு தாளில் தமிழில் எழுதிப் பெட்டியின் பின்புறத்தில் காற்றுத்துளைகளை மறைக்காமல் ஒட்டிவிட்டு வாருங்கள். பேரப்பிள்ளைகள் எப்படியும் மாற்றிவிடுவார்கள். இங்குள்ள ஈரக்காற்றில் பசை நில்லாது. நல்ல ஒட்டுநாடா கொண்டு போங்கள்.