மகள் கேட்ட கேள்வியும் மாணவன் கேட்ட கேள்வியும்



போன வாரம் அமெரிக்காவிலிருந்து மகள் பேசினாள். கனெக்டிகட் மாநிலம், ஹார்ட்ஃபோர்ட் நகருக்கு வெளியே குடியிருக்கிறாள். "அப்பா, பாப்பாவுக்கு மேக்னட் ஸ்கூலுக்கு அப்ளை பண்ணலாமா? அது சிட்டிக்குள்ள இருக்கு. எங்க ஏரியா ஸ்கூலே நல்லாத்தான் இருக்கு..." என்று இழுத்தாள்.

மேக்னட் பள்ளி தனியார் பள்ளி அல்ல, பொதுப்பள்ளிதான். அறிவியல், இசை, நாடகம் என்று ஒரு துறையில் சிறப்பாகச் சொல்லித்தந்து, பல பகுதிப் பிள்ளைகளையும் காந்தம்போல இழுப்பதால் அந்தப் பெயர்.

அதன் நோக்கம் பெரியது. கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் பிரித்து வைப்பது தவறு என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் குடியிருப்புகள் பிரிந்தே கிடந்ததால் பள்ளிகளும் பிரிந்தே கிடந்தன. பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி வேறு பகுதிப் பள்ளிகளுக்குக் கட்டாயமாக அனுப்பியபோது பெரும் எதிர்ப்பு. பெற்றோர் தாங்களே விரும்பி வரும்படி பள்ளியைச் சிறப்பாக்கினால் என்ன என்ற யோசனை, 1968-இல் டகோமா நகரில் செயலுக்கு வந்தது. ஹார்ட்ஃபோர்டில் 1989-இல் போட்ட வழக்கில், 1996-இல் மாநில உச்ச நீதிமன்றம் பிள்ளைகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதன்பிறகு அங்கே மேக்னட் பள்ளிகள் பெருகின. மதிப்பெண் பார்ப்பதில்லை, குலுக்கலில்தான் இடம்.

குறையும் உண்டு. குலுக்கலில் பெயர் விழாத பிள்ளை பழைய பள்ளியிலேயே இருக்கிறது. அந்தப் பள்ளியையும் அரசு கைவிடக் கூடாது.

இப்போது என் கதை. 34 வருடம் அரசுப் பள்ளியில் பாடம் நடத்தினேன். என் மகளையோ தனியார் பள்ளி வேனில் ஏற்றினேன். ஒருநாள் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், "உங்க பொண்ணு ஏன் சார் நம்ம ஸ்கூலுக்கு வரல?" என்று கேட்டான். பதில் சொல்லாமல் வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். அவனும் இதைப் படிக்கலாம். தம்பி, உன் கேள்வி சரி. வாத்தியார் பிள்ளையே வராத பள்ளியை யார் மதிப்பார்கள்?

மகளிடம் சொன்னேன்: "விண்ணப்பம் போடும்மா. பாப்பா எல்லா வீட்டுப் பிள்ளைகளோடும் ஒரே பெஞ்சில் உட்காரட்டும். நான் உனக்குச் செய்யாததை நீ அவளுக்குச் செய்."

நம் ஊரிலும் எல்லோரும் விரும்பி வரும்படி அரசுப் பள்ளிகளைச் சிறப்பாக்க முடியும். அங்கே முதலில் நம் பிள்ளைகளைச் சேர்க்க நமக்கு மனம் வர வேண்டும். உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்