கெண்டைக்கால் வலியும் காய்ச்சலும்: சும்மா விடாதீங்க!

விடியற்காலை. பெரட்டுக்குப் போகிற நேரம். ஒருவர் கைலியைப் போர்த்திக்கொண்டு வாசல்படியில் சுருண்டு உட்கார்ந்திருக்கிறார்.

“என்னண்ணே, வேலைக்கு வரலியா?”

“ஒடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குப்பா. ராத்திரி பூரா குளிர்காய்ச்சல்.”

“முந்தாநாளு மழையில நனைஞ்சீங்கல்ல, அதான். ரெண்டு பனடோல் போட்டுட்டு வாங்கண்ணே. வேர்த்துக் கொட்டினா சரியாப் போயிடும்.”

அண்ணனும் இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு, குலை வெட்டக் கிளம்பிவிடுகிறார். ஒருநாள் சம்பளம் போய்விடக் கூடாதே!

இந்தப் பேச்சு நடக்காத தோட்டம் உண்டா? பெரும்பாலும் அது சாதாரணக் காய்ச்சலாகவே இருந்து, இரண்டு மூன்று நாளில் விட்டுப் போய்விடும். ஆனால் சில சமயம் அப்படிப் போவதில்லை. நாலாம் நாள் கண் மஞ்சளாகிறது. சிறுநீர் குறைகிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்கிறார்கள். “நல்லாத்தானே இருந்தாரு, காய்ச்சல்னுதானே சொன்னாரு” என்று வீட்டார் கதறுகிறார்கள்.

அந்த நோய்க்கு எலிக்காய்ச்சல் என்று பெயர். டாக்டர்கள் லெப்டோஸ்பைரோசிஸ் என்பார்கள். மலாய்க்காரர்கள் ‘கென்சிங் திக்குஸ்’ நோய் என்கிறார்கள். எலி மூத்திரம் என்று அர்த்தம். இந்த நோயைப் பற்றி நம் தோட்டத்து மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. அதோடு, இதில் தொழிலாளி மேல் மட்டும் பழி போடுவதை நிறுத்த வேண்டும் என்பதும் என் கருத்து. இரண்டையும் இங்கே சொல்கிறேன்.

எப்படித் தொற்றுகிறது?

இந்தக் கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். எலிக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. அது மூத்திரம் பெய்யும் இடமெல்லாம் கிருமி வெளியே வரும். மாடு, நாய், பன்றியின் மூத்திரத்திலும் இது இருக்கலாம். ஈரமான மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் இந்தக் கிருமி பல வாரங்கள் உயிரோடு இருக்கும். நன்றாகக் காய்ந்த இடத்தில் அதனால் பிழைக்க முடியாது.

இது எலி கடித்துத்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கிருமி உள்ள தண்ணீரோ சேறோ நம் உடம்பில் படுவதே போதும். முள் குத்திய இடம், மட்டை கீறிய இடம், சேற்றுப்புண், ஈரத்தில் ஊறி வெளுத்த தோல், கண், மூக்கு, வாய் ஆகிய வழிகளில் கிருமி உள்ளே போய்விடும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது மிக அபூர்வம். ஆகவே நோயாளியைக் கண்டு யாரும் ஒதுங்கிப் போக வேண்டியதில்லை.

இப்போது நம் வேலையை நினைத்துப் பாருங்கள். செம்பனைப் பழம் எலிக்குப் பிடித்த தீனி, வருஷம் முழுக்கக் கிடைக்கும். வெட்டிய மட்டைகளை வரிசையாக அடுக்கி வைக்கிறோம். அந்தக் குவியல்தான் எலிக்கு வீடு. பால்மரத் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாக மாறத் தொடங்கிய 1960-களிலிருந்து எலிகளுக்கு விருந்துதான். கூகைக்குப் பெட்டி கட்டி வைத்திருப்பதைப் பல தோட்டங்களில் பார்த்திருப்பீர்கள். கூகை எலியைப் பிடித்துத் தின்னும் என்பதற்காகத்தான் அது. விளைச்சலைக் காப்பாற்ற இவ்வளவு யோசிக்கிறவர்கள், அதே எலியின் மூத்திரத்தில் கை வைத்து உதிரிப் பழம் பொறுக்கும் பெண்களைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

உதிரி பொறுக்கும் அம்மாமார்கள் பலர் வெறுங்கையோடுதான் பொறுக்குகிறார்கள். முள் குத்தாத விரல் இல்லை. கான் வெட்டுகிறவர்கள் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார்கள். மாடு வளர்க்கிறவர்கள் மழைக்காலத்தில் சாணியும் மூத்திரமும் கலந்த சேற்றில் நடக்கிறார்கள். பிள்ளைகளோ பள்ளிக்கூடம் விட்டதும் ஆற்றில் குதிக்கிறார்கள்.

அறிகுறிகள் என்ன?

கிருமி உள்ளே போய் 5 நாளிலிருந்து 14 நாளுக்குள் பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கும். சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். திடீரென்று கடுமையான காய்ச்சல், குளிர் நடுக்கம், மண்டையைப் பிளக்கும் தலைவலி, வாந்தி ஆகியவை வரும். உடம்பெல்லாம் வலிக்கும். முக்கியமாகக் கெண்டைக்கால் தொட்டாலே வலிக்கும். கண் சிவந்துவிடும், ஆனால் பீளை கட்டாது. இவை எல்லாமே எல்லோருக்கும் வருவதில்லை. சிலருக்கு வெறும் காய்ச்சலும் தலைவலியும்தான் இருக்கும்.

இதில் ஒரு பெரிய ஏமாற்று வேலை உண்டு. சிலருக்கு நாலைந்து நாளில் காய்ச்சல் விட்டுவிடும். “அப்பாடா, சரியாப் போச்சு” என்று வேலைக்குப் போவார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து நோய் மறுபடியும் திரும்பும். அப்போது ஈரல், சிறுநீரகம், நுரையீரல் என்று உள்ளுறுப்புகள் தாக்கப்படலாம்.

கண்ணோ தோலோ மஞ்சளாவது, சிறுநீர் குறைவது, மூச்சு வாங்குவது, இருமலில் ரத்தம் வருவது, நினைவு தடுமாறுவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள்காமாலை என்று சொல்லி நாட்டு மருந்து தேடிப் போவது உயிருக்கே ஆபத்து.

மருந்து இருக்கிறது, விலையும் மலிவு

பயப்பட வேண்டாம். இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. டாக்சிசைக்லின் என்ற பழைய, மலிவான மாத்திரையே ஆரம்ப நிலையில் நன்றாக வேலை செய்யும். நோய் முற்றியவர்களுக்கு ஆஸ்பத்திரியில் பெனிசிலின் போன்ற ஊசி போடுவார்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் வேறு மருந்து கொடுப்பார்கள். ஆகவே பக்கத்து வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. காய்ச்சலுக்குப் பனடோல் போடலாம். ஆனால் டாக்டரைக் கேட்காமல் ஆஸ்பிரின் போன்ற பலமான வலி மாத்திரைகளைப் போடாதீர்கள். டெங்கியாக இருந்தால் ரத்தக் கசிவு வரும்; எலிக்காய்ச்சலாக இருந்தால் சிறுநீரகம் இன்னும் கெடும்.

டெங்கியா, எலிக்காய்ச்சலா என்று வீட்டில் உட்கார்ந்து நாமாகவே முடிவு செய்ய முடியாது. ரத்தப் பரிசோதனை தேவை. அதிலும் ஒரு சங்கடம்: முதல் சில நாட்களில் எடுக்கும் ரத்தத்தில் இந்த நோய் தெரியாமல் போகலாம். அதனால் டாக்டர், நோயாளி என்ன வேலை செய்கிறார் என்பதை வைத்துத்தான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. நாமோ கிளினிக்கில் போய் “காய்ச்சல் டாக்டர்” என்று இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இனிமேல் அப்படிச் செய்யாதீர்கள். “டாக்டர், நான் செம்பனைத் தோட்டத்துல வேலை செய்யுறேன். எலி அதிகம். போன வாரம் கான் தண்ணியில நின்னேன். கால்ல புண்ணு இருக்கு” என்று சொல்லுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மலாய் சரியாக வராத அம்மாமார்கள் ‘கென்சிங் திக்குஸ்’ என்ற இரண்டு வார்த்தையை மட்டும் சொன்னாலே போதும், டாக்டருக்குப் புரிந்துவிடும்.

புதிய நோயல்ல

“எங்க தாத்தா காலத்துல எலி இல்லியா? அவங்கல்லாம் செத்தா போயிட்டாங்க?” என்று சிலர் கேட்பார்கள். எலியும் இருந்தது, நோயும் இருந்தது. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்து டாக்டர்கள் 1920-களிலேயே இந்த நோயை மலாயாவில் கண்டறிந்து எழுதியிருக்கிறார்கள். தோட்டத்திலே அதையெல்லாம் யார் பிரித்துப் பார்த்தார்கள்? “காய்ச்சல்ல போயிட்டான்” என்பதோடு கதை முடிந்துவிடும்.

2010-ஆம் ஆண்டு பகாங் மாநிலத்தில் லூபோக் யூ என்ற நீர்வீழ்ச்சிப் பகுதியில் மூழ்கிப்போன ஓர் இளைஞரைத் தேடிப் பலர் தண்ணீரில் இறங்கினார்கள். அப்படிப் போனவர்களில் பலர் காய்ச்சலில் விழுந்தார்கள், சிலர் இறந்தும் போனார்கள். எலிக்காய்ச்சல் கிருமியும், மண்ணிலிருந்து தொற்றும் இன்னொரு கிருமியும் அவர்களிடம் கண்டுபிடிக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரிலிருந்து எலிக்காய்ச்சல் அரசாங்கத்துக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

யார் பொறுப்பு?

‘சுத்தமாக இருங்கள், சப்பாத்துப் போடுங்கள்’ என்ற புத்திமதி எங்கே பார்த்தாலும் ஒட்டியிருக்கிறது. அது சரியான புத்திமதிதான். நம்மவர்களிலும் கொடுத்த பூட்ஸை மூலையில் போட்டுவிட்டு சிலிப்பரோடு காட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். “வேர்க்குது, நடக்க முடியல” என்கிறார்கள். வேர்க்கும்தான், ஆனால் டயலிசிஸ் மெஷின் பக்கத்தில் படுத்துக் கிடப்பதைவிட வேர்ப்பது மேல் அல்லவா?

ஆனால் பூட்ஸே கொடுக்காத இடங்களும் உண்டு, கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் பிடிக்கிற இடங்களும் உண்டு. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தொழிலாளியின் பாதுகாப்பை முதலாளியின் கடமை என்கிறது. அந்தச் சட்டப்படி பாதுகாப்புக்காகக் கொடுக்க வேண்டிய பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. பூட்ஸும் கையுறையும் தர்மமாகக் கொடுக்கிற பொருள் அல்ல.

அடுத்தது ஒருநாள் சம்பளம். முதல் இரண்டு மூன்று நாளில் டாக்டரிடம் போனால் மாத்திரையோடு முடிகிற நோய் இது. ஆனால் அந்த முதல் இரண்டு மூன்று நாளில்தான் நம்மவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். இது அறியாமை மட்டுமல்ல, அரிசிப் பானையின் கவலையும்கூட. தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் எம்.சி. கொடுத்தால் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. வேலைக்குச் சேர்ந்து 2 வருஷம் ஆகாதவருக்கு ஆண்டுக்கு 14 நாள். 2 வருஷத்திலிருந்து 5 வருஷத்துக்குள் 18 நாள். அதற்கு மேல் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள் வரை உண்டு. 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். இது பலருக்குத் தெரியாது. கொந்திராக் ஆட்களிடம் “உனக்கு அதெல்லாம் கிடையாது” என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொன்னால் அதை நம்பி வீட்டுக்குப் போகாமல், கிளைச் செயலாளரிடம் வந்து சொல்லுங்கள். வேலையால் வந்த நோய் என்று டாக்டர் எழுதினால், சொக்சோவில் மனுச் செய்யவும் இடமுண்டு.

நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களையும் மறக்காதீர்கள். அரசாங்க கிளினிக்கில் நமக்கு ஒரு வெள்ளி, அவர்களுக்கோ அதைப்போல் பல மடங்கு. செலவுக்குப் பயந்தே தாமதிக்கிறார்கள். எலிக்கு நீ எந்த நாட்டான் என்று தெரியாது.

நாம் செய்ய வேண்டியவை

வேலைக்குப் போகும்போது பூட்ஸும் கையுறையும் போடுங்கள். புண் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள். சாப்பிடுவதற்கு முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். காட்டுக்குக் கொண்டுபோகும் சோற்றுச் சட்டியையும் தண்ணீர்ப் போத்தலையும் தரையில் வைக்காமல், மூடி போட்டு மேலே தொங்கவிடுங்கள். டின் தண்ணீர் குடிப்பதானால் டின்னின் மேல்புறத்தைத் துடைத்துவிட்டுக் குடியுங்கள். வீட்டைச் சுற்றிக் குப்பை சேரவிடாதீர்கள். வெள்ளம் வடிந்த பிறகு வீட்டைக் கழுவும்போது கட்டாயம் பூட்ஸ் போடுங்கள்.

நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை: பூட்ஸ், கையுறை, வேலைக்காட்டில் கை கழுவச் சுத்தமான தண்ணீர், குடியிருப்பில் நேரத்துக்குக் குப்பை அள்ளுதல், அடைத்துக் கிடக்கும் கான்களைத் திறந்து விடுதல்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் சம்பளப் பேச்சோடு சேர்த்து இதையும் பேசுங்கள். பெரட்டுக்களத்தில் யாராவது “காய்ச்சலா இருக்குப்பா” என்றால் “ரெண்டு பனடோல் போடு” என்று சொல்லாதீர்கள். “கெண்டைக்கால் வலிக்குதா? கண்ணு செவந்திருக்கா? வா, கிளினிக்குக்குப் போவோம்” என்று கூட்டிக்கொண்டு போங்கள்.