எரிந்துபோன தேவாலயத்தை ஒரு போட்டோ மீட்குமா?

உங்க போன் கேலரியில எத்தனை போட்டோ இருக்கு? ஆயிரம்? ஐயாயிரம்? அதில் யாருமே இல்லாம, வெறும் கட்டடத்தை மட்டும் எடுத்த போட்டோ எத்தனை? ரொம்பக் கம்மியா இருக்கும். ஆனா அப்படிப்பட்ட போட்டோக்களுக்குத்தான் இப்போ பெரிய மதிப்பு.

கார்பேத்தியன் மலைத்தொடர் போலந்து, ஸ்லோவாக்கியா, உக்ரைன், ருமேனியா எனப் பல நாடுகளில் நீள்கிறது. அங்கே இருக்கும் மரத் தேவாலயங்கள் ரொம்ப ஸ்பெஷல். மரக்கட்டைகளைப் படுக்கைவசத்தில் அடுக்கி, மூலைகளில் வெட்டிப் பொருத்திக் கட்டியிருப்பார்கள். கூரையும் மரச் சில்லுகள்தான். இவற்றில் போலந்தில் 8, உக்ரைனில் 8 என 16 தேவாலயங்களை 2013-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது.

1920-களில், செக் நாட்டைச் சேர்ந்த ஃப்ளோரியன் ஸபலெட்டல் இந்த மலைக் கிராமங்களுக்குப் போய் தேவாலயங்களை போட்டோ எடுத்தார். அவர் மறைவுக்குப் பிறகு, 1982-ல் வியன்னாவில் அவை புத்தகமாக வந்தன. அதில் இருக்கும் பல தேவாலயங்கள் இன்றைக்கு இல்லை.

எங்கே போச்சு?

மரத்துக்கு எதிரி தீ மட்டும்தான்னு நினைக்காதீங்க. 1947-ல் போலந்து அரசு 'விஸ்லா நடவடிக்கை' என்ற பெயரில், தென்கிழக்குப் பகுதியில் வாழ்ந்த லெம்கோ, பாய்கோ, உக்ரேனிய மக்கள் சுமார் 1,40,000 பேரை நாட்டின் வடக்கு, மேற்குப் பகுதிகளுக்குக் கட்டாயமாக அனுப்பியது. ஊரே காலியானது. சில தேவாலயங்கள் ரோமன் கத்தோலிக்கர்கள் கைக்குப் போயின, சில கிடங்குகளாயின, பல பிரிக்கப்பட்டன. கூரையில் சில்லு மாற்ற ஆள் இல்லாட்டி, மழையே மீதியைப் பார்த்துக்கும்.

தீயும் சும்மா இல்லை. போலந்தின் கோமன்சா கிராமத்தில் 1802-ல் கட்டிய தேவாலயம், 2006 செப்டம்பரில் எரிந்து சாம்பலானது. சில வருடங்களில் அதே வடிவத்தில் மறுபடியும் கட்டினார்கள்.

கார்பேத்தியன் மலை உக்ரைன் போர்முனையிலிருந்து ரொம்ப தூரம். ஆனா போரில் மரக் கட்டடத்துக்கு என்ன ஆகும் என்பதை 2022 ஜூன் காட்டியது. கிழக்கே ஸ்வியாடோஹிர்ஸ்க் மடாலயத்தின் பெரிய மரத் தேவாலயம் எரிந்துபோனது.

போன் என்ன செய்யும்?

அதே வருடம் ஏப்ரலில் 'பேக்கப் உக்ரைன்' என்ற முயற்சி தொடங்கியது. பாலிகேம் ஆப்பைப் போனில் போட்டு, கட்டடத்தைச் சுற்றி வந்து நிறைய போட்டோ எடுத்தால், அது 3டி மாடலாக மாறும். அன்று ஸபலெட்டல் தனி ஆளாகச் செய்ததை, இப்போ போன் வைத்திருக்கும் யாரும் செய்யலாம்.

ஆனா போட்டோவுக்கும் ஒரு எல்லை உண்டு. கறுப்பு வெள்ளைப் படம் நிறம் சொல்லாது. அளவும் சொல்லாது, கதவு பக்கத்தில் ஒருத்தர் நின்றால்தான் எவ்வளவு உயரம்னு குத்துமதிப்பா தெரியும். 3டி மாடலில் மேற்பரப்பு அச்சு அசலா இருக்கும். உள்ளே மரம் உளுத்திருப்பது தெரியாது.

இன்னொன்றையும் யோசிங்க. கோமன்சாவில் கட்டடத்தை மறுபடி எழுப்ப முடிந்தது. 1947-ல் கிளம்பிப்போன கிராமங்களை அப்படி எழுப்ப முடியலை. அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நின்றவர் யார், எந்தத் தச்சர் அந்தக் கூரையைப் போட்டார், திருவிழாவுக்கு யாரெல்லாம் வந்தாங்க... இதை எந்த ஆப்பும் ஸ்கேன் பண்ணாது. யாராவது கேட்டு எழுதி வெச்சாதான் உண்டு.

அதனால அடுத்த தடவை ஒரு பழைய கட்டடத்தைக் கிளிக் பண்ணும்போது, பக்கத்தில் இருக்கும் பெரியவர்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசுங்க. ஊர், தேதி, அவர் சொன்ன ஒரு வரி, மூணையும் போட்டோவோடு சேர்த்து வைங்க. நூறு வருஷம் கழிச்சு அதைப் பார்க்கிறவருக்கு அதுதான் முதலில் தேவைப்படும்.