பழமும் பக்குவமும்

வாழைப்பழத்தை எப்பருவத்தில் உண்பது நன்று என்பதும் ஓர் ஆராய்ச்சியாமோ என நண்பர் சிலர் நகைத்தல் கூடும். நகைப்போர் தத்தம் இல்லத்தை ஒரு கணம் நினைந்து பார்ப்பாராக. ஒரு சீப்புப் பழத்தின் முன்னே ஒருமனப்பட்டு நின்ற குடும்பத்தை யாம் இதுகாறும் கண்டிலேம்.

குமரி மாவட்டத்திலுள்ள எமது இல்லத்தின் நிலையைக் கூறுவோம். தந்தையார் காம்பிற் பசுமை நீங்காத பழத்தையே எடுப்பார். பல்லுக்குச் சிறிது வேலை வேண்டுமென்பது அவர் கொள்கை. தங்கைக்குத் தோல் முழுதும் பொன்னிறமாதல் வேண்டும். ஒரு கரும்புள்ளி தோன்றினும், 'அழுகிவிட்டது' என்று தீர்ப்புக் கூறிவிடுவாள். பாட்டியாரோ அப்புள்ளிகளுக்காகவே காத்திருப்பவர். "புள்ளி விழாததெல்லாம் ஒரு பழமா, மக்களே?" என்பது அவர் வாதம்.

இவருள் யார் கூற்று மெய்? ஆராய்ந்து நோக்கின் யாவர் கூற்றும் மெய்யே. வாழைக்காயில் மாச்சத்து மிகுந்துள்ளது. பழுக்குந்தோறும் அது சர்க்கரையாக மாறுகின்றது. ஆகவே தந்தையார் உண்பதும் பாட்டியார் உண்பதும் பெயரால் ஒன்றாயினும் சுவையால் வேறாம். இனத்துக்கு இனம் பக்குவமும் மாறும். ஏத்தன்பழம் தோல் கறுக்கத் தொடங்கியபின்னரே இனிமை மிகும். ரஸ்தாளியோ நன்கு பழுத்தவுடன் சீப்பினின்று உதிரத் தொடங்கும். 2023ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்ற எம் மாவட்டத்து மட்டிப்பழத்தை நன்கு கனிந்தபின்னரே குழந்தைகட்கு மசித்து ஊட்டுவர். இவ்வேறுபாடுகளை நம் முன்னோர் அறிந்திருந்தமைக்குத் தமிழ்மொழியே சான்று. பிஞ்சு, காய், செங்காய், பழம், அளிந்த பழம் எனப் படிப்படியாகப் பெயரிட்டதோடு, முற்றாது பழுத்ததை வெம்பிய பழமென வேறு பிரித்தும் வைத்தனர். ஒரே அளவுகோல் கொண்டு வழக்காடுதல் வீணேயாம்.

முன்பு எம் வீட்டில் முழுக்குலையை உத்தரத்திற் கட்டித் தூக்குவதுண்டு. மேற்சீப்பு முதலிற் பழுக்கும். கீழ்ச்சீப்பு பின்னர்ப் பழுக்கும். ஒரே குலையிற் செங்காயும் பழமும் அளிந்ததும் ஒருங்கே கிடைத்தமையால் வழக்குக்கு இடமிலதாயிற்று. இன்றோ எத்திலீன் வாயு நிறைந்த அறையிற் பழுத்த சீப்புகளைக் கடையில் வாங்குகின்றோம். அவை ஒரே நாளிற் பழுத்து ஒரே நாளிற் கறுக்கின்றன. கறுத்து எஞ்சியவற்றை உண்பவர் யாவர்?

இவ்வினா எழுந்தபோதுதான், எம் இல்லத்தில் ஒருவர் மட்டும் இவ்வழக்கிற் கலந்துகொண்டதே இல்லை என்பதை உணர்ந்தோம். தாயார் எப்பொழுதும் கறுத்துக் குழைந்த பழத்தையே உண்பார். 'அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும்' என்று யாவரும் நம்பியிருந்தோம். சென்ற விடுமுறையில், "உங்களுக்கு எந்தப் பழம் அம்மா பிடிக்கும்?" என்று யாம் வினவினோம். அவர் சீப்பை நோக்கினார். உடனே விடை கூறினாரல்லர். பின்னர், "கல்யாணத்துக்கு முன்பு செங்காயாகத்தான் தின்பேன். இப்போது எது மிச்சமோ அதுதான், வீணாகப் போகக்கூடாதல்லவா?" என்றார். இதனைக் கேட்க எமக்கு 19 ஆண்டுகள் ஆயின.

சுவை வேறுபடுதல் குற்றமன்று. வேறுபட்டோர் ஒரு கூரையின்கீழ் வாழ்வதே குடும்பம். ஆயினும் உரத்துக் கூறப்படும் விருப்பங்களே நம் வீடுகளில் வழக்காகின்றன. கூறப்படாத விருப்பம் மிச்சத்தோடு அமைந்துவிடுகின்றது. உணவை வீணாக்காமை நல்லொழுக்கமே. ஆனால், அவ்வொழுக்கத்தை ஒருவர் தலையில் மட்டும் ஏற்றிவிட்டு ஏனையோர் பக்குவம் பேசுதல் நீதியாகாது. அளிந்த பழம் யாவருக்கும் முறைவைத்து வருதல் வேண்டும். வாங்கும்போதும் பசுமை நீங்காத சீப்பொன்றும் பழுத்த சீப்பொன்றுமாக வாங்குதல் நன்று. எம் வீட்டில் இப்பொழுது அவ்வாறே செய்கின்றோம். தங்கை தன் முறை வருங்கால் முகஞ்சுளிப்பினும் உண்டுவிடுகின்றாள்.

விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவ நண்பர்காள்! சீப்பினின்று முதற் பழத்தைப் பறிக்குமுன் உங்கள் தாயாரிடமும் இவ்வினாவைக் கேளுங்கள். விடை வரச் சிறிது தாமதமாயின், காத்திருங்கள்.